உடம்பைப் பற்றிக் கதைக்காத சபை

டக்ளஸ் எண்டு சொன்னவுடன எங்கட ஊரில எல்லாருக்கும் ஒருவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இது அவரில்லை. இந்த டக்ளஸ் ஒரு பெண். அமெரிக்கக் கறுப்பினத்தவர், எபிஸ்கோப்பல் திருச்சபையின் குரு, இறையியலாளர். முழுப்பெயர் கெலி பிரவுன் டக்ளஸ். 1957 இல் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரில் பிறந்தவர். அந்தத் திருச்சபையில் முதன்முதலாகக் குருவான பத்துக் கறுப்பினப் பெண்களில் அவரும் ஒருவர். நியூயோர்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் ஜேம்ஸ் கோனிடம் படித்தவர். கோன் யார் எண்டு கேட்பவர்களுக்கு: 1969 இல் கறுப்பின இறையியல் பற்றிய முதல் நூலை எழுதி, கடவுள் ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்கிறார் எண்டால் அமெரிக்காவில் அவர் கறுப்பர்தான் என்று எழுத்தில் அடித்துச் சொன்ன மனிதர்.

கிறிஸ்தவ நாகரிகம் பாடத்துக்காக மூன்றாம் வருடத்தில் ஒரு நூலாய்வு எழுத வேண்டியிருந்தது. நான் எடுத்தது டக்ளஸ் 1999 இல் எழுதிய ‘பாலியல்பும் கறுப்பினத் திருச்சபையும்’ (இது என் தமிழாக்கம்தான், புத்தகம் தமிழில் வரவில்லை). லைப்ரரியில் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் மச்சாள் ஒருத்தி அனுப்பின பிரதியை ஹொஸ்டலில் போனில் வைத்து, எழுத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்து முடித்தேன். அசைன்மென்ற் எப்போதோ குடுத்தாயிற்று. அதில் எழுத முடியாமல் போன விசயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சிக்கல் தலைப்பிலேயே தொடங்கியது. எங்கட பேப்பர்களில் ‘பாலியல்’ என்ற சொல் எப்பவாவது தனியாக வந்து பார்த்திருக்கிறீங்களா? பாலியல் வன்புணர்வு, பாலியல் துஷ்பிரயோகம், பாலியல் இலஞ்சம், பாலியல் தொல்லை. எப்பவும் ஒரு குற்றத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்தச் சொல் வரும். டக்ளஸ் அதைப் பாவிப்பது வேறு அர்த்தத்தில். அவருக்கு அது படுக்கையறையோடு முடிகிற விசயமில்லை. ஒரு மனிசர் தன்னுடைய உடம்போடு எப்படி வாழ்கிறார், மற்றவர்களோடு எப்படி உறவாடுகிறார், கடவுளோடு எப்படி உறவாடுகிறார் என்பது எல்லாமே அதற்குள் அடக்கம். அதனால்தான் அது இறையியலின் விசயமாகிறது. ‘பாலியல்பு’ என்று போட்டேன். எங்கட விரிவுரையாளர் அதைச் சிவப்புப் பேனையால் சுழித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். அதுவே ஒரு கருத்துத்தான் போல.

புத்தகத்தின் கேள்வி நேரானது. வெள்ளை இனவாதத்துக்கு எதிராக அவ்வளவு துணிவாக நின்ற கறுப்பினத் திருச்சபை, அடிமைமுறையைத் தாண்டி, 1950களிலும் 60களிலும் குடியுரிமைப் போராட்டத்தைத் தோளில் சுமந்த அதே திருச்சபை, உடம்பு, காமம், தற்பாலீர்ப்பு, எய்ட்ஸ் என்று வந்தவுடன் ஏன் வாயை மூடிக்கொள்கிறது? பழமைவாதம் என்ற ஒரே சொல்லில் பதில் சொல்லி டக்ளஸ் முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முன்னூறு வருசம் பின்னால் போகிறார்.

1662 இல் வேர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்தது. பிள்ளை அடிமையா சுதந்திரமான ஆளா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று அது சொன்னது. ஆங்கிலேயச் சட்ட மரபில் பிள்ளை தகப்பன் வழிதான் போகும். இங்கே ஏன் தலைகீழாக்கினார்கள்? கொஞ்சம் யோசித்தால் விளங்கும். அடிமைப் பெண்ணைத் தோட்ட முதலாளி பலாத்காரம் செய்து பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளையும் அவனுடைய சொத்து. அவளுடைய கருப்பை அவனுக்கு இலாபம். ஐந்து வருசம் கழித்து, 1667 இல், அதே வேர்ஜீனியாவில் இன்னொரு சட்டம்: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான். ஆத்துமாவுக்கு இரட்சிப்பு உண்டு, உடம்புக்கு விடுதலை இல்லை. இந்த இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் டக்ளஸ் ‘பிளேட்டோமயமான கிறிஸ்தவம்’ என்று எதைச் சொல்கிறார் என்பது எனக்கு முழுசாகப் பிடிபட்டது. ஆத்துமா உயர்ந்தது, உடம்பு தாழ்ந்தது என்ற கிரேக்கப் பிரிப்பு பவுல், அகுஸ்தீன் வழியாகத் திருச்சபைக்குள் வந்து தங்கியது. எங்கட சண்டே ஸ்கூலில் அது ஒரு பக்தி விசயம். வேர்ஜீனியாவில் அது கணக்குப் புத்தகம்.

அப்படி ஒரு முறையை நடத்த வேண்டுமெண்டால் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கதையும் வேண்டும். பலாத்காரம் செய்கிறவன் கிறிஸ்தவன், ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் இருப்பவன். அப்ப பிழை அவளிடம்தான் இருக்க வேண்டும். அவள் இச்சை பிடித்தவள், அவள்தான் மயக்கினவள். அந்தக் கதைக்கு வேதாகமத்திலிருந்தே ஒரு பெயரை எடுத்தார்கள்: யேசபேல்.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கு. யேசபேலின் கதையை நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். இராஜாக்கள் புத்தகத்தை எடுத்துத் திரும்ப வாசித்துப் பாருங்கோ. பாகாலை வணங்கினாள், தீர்க்கதரிசிகளைக் கொல்லுவித்தாள், நாபோத்தின் திராட்சத் தோட்டத்தைப் பறிக்கப் பொய்ச்சாட்சி ஏற்பாடு செய்தாள். எல்லாம் பெரிய குற்றங்கள்தான். ஆனால் இன்னொரு ஆணோடு போனதாக ஒரு சம்பவமும் அதில் இல்லை. யெகூ அவளை வேசித்தனம் என்ற சொல்லால் ஏசுவான், அது விக்கிரக வழிபாட்டைக் குறிக்கிற சொல் என்றுதான் பல உரையாசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சாகும் முன் கண்ணுக்கு மை தீட்டி, தலையை அலங்கரித்து, ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்தக் கண்மைதான் இரண்டாயிரத்துச் சொச்ச வருசம் கழித்து, மிசிசிப்பியில் பருத்தி பிடுங்கிய பெண்ணின் தலையில் விழுந்தது.

யேசபேலுக்கு நேரெதிராக ‘மாமி’ என்று இன்னொரு உருவம். (எங்கட மாமி இல்லை!) உடல் பெருத்த, வயதான, காமமே இல்லாத, முதலாளியின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளை விட அதிகமாக நேசிக்கிற ஆயா. இந்தப் பாத்திரத்தில் நடித்த ஹற்றி மக்டானியலுக்கு 1940 இல் ஒஸ்கார் கிடைத்தது, ஒஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். விருது விழாவில் அவரை மற்ற நடிகர்களோடு இருத்தாமல் வேறு மேசையில்தான் இருத்தினார்கள். ஆண்களுக்கு வேறு கதை: அவன் மிருகம், வெள்ளைப் பெண்ணைக் கண்டால் அடங்காதவன். 1892 இல் மெம்ஃபிஸ் நகரில் தன் நண்பர்கள் மூவரைக் கும்பல் கொன்ற பிறகு, பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் இந்தக் கொலைகளைத் தேடி ஆராய்ந்து, பலாத்காரம் என்ற குற்றச்சாட்டு பல இடங்களில் வெறும் சாட்டு என்று எழுதினார். அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். 1899 ஏப்ரல் 23 ஆம் திகதி ஜோர்ஜியாவில் சாம் ஹோஸ் என்பவரை உயிரோடு எரித்தபோது, பார்ப்பதற்கு அட்லாண்டாவிலிருந்து விசேட ரயில் விட்டார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

சாரா பார்ட்மனைப் பற்றிய பக்கங்களில் நான் நிறைய நேரம் நின்றுவிட்டேன். தென்னாபிரிக்காவில் கொய்கொய் இனத்தில் பிறந்தவர். 1810 இல் இலண்டனுக்குக் கொண்டுபோய், அவருடைய இடுப்பையும் பின்பக்கத்தையும் சனம் காசு குடுத்துப் பார்க்கும்படி காட்சிக்கு வைத்தார்கள். பிறகு பாரிஸ். 1815 இல் அங்கேயே இறந்துபோனார். செத்த பிறகாவது விட்டார்களா? குவியே என்ற பெரிய விஞ்ஞானி அவரை அறுத்து, மூளையையும் பிறப்புறுப்பையும் போத்தலில் போட்டு வைத்தார். 1970கள் வரை பாரிஸ் நூதனசாலையில் அவை காட்சிக்கு இருந்தன. 2002 இல்தான் உடலின் மிச்சங்கள் தென்னாபிரிக்காவுக்குத் திரும்பின, அந்த ஓகஸ்ட்டில் அடக்கம் செய்தார்கள். 187 வருசம். அந்த நூதனசாலைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதானே போயிருப்பார்கள்?

இப்ப டக்ளஸ் சொல்வதைக் கேளுங்கோ. உன் உடம்பே அசிங்கம், உன் இனமே காமம் பிடித்த இனம் என்று முன்னூறு வருசம் சொல்லப்பட்ட சனம் என்ன செய்யும்? நாங்கள் அப்படி இல்லை என்று காட்டப் பார்க்கும். கழுத்து வரை பொத்தான் பூட்டும். கையுறை போடும். பிள்ளைகளுக்கு அடக்கத்தைச் சொல்லிக் குடுக்கும். கறுப்பின பப்டிஸ்ற் சபைப் பெண்களைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர் ஈவ்லின் புரூக்ஸ் ஹிகின்பொதம் இதற்குக் ‘கண்ணியத்தின் அரசியல்’ என்று பெயர் வைத்தார். அந்த மௌனம் உயிர் தப்புவதற்கான வழியாகத் தொடங்கியது. அதை டக்ளஸ் மதிக்கிறார். அந்த அம்மம்மாக்களை ஒரு இடத்திலும் அவர் பகிடி பண்ணவில்லை, அதுதான் எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்தது.

ஆனால் விடவும் இல்லை. எஜமானனின் பொய்யைப் பொய்யாக்கப் போய், உடம்பு அசிங்கம் என்ற அவனுடைய இறையியலையே சபை சொந்தமாக்கிக்கொண்டது என்கிறார். இதன் விலையை ஆர் குடுத்தது? 1980களிலும் 90களிலும் எய்ட்ஸ் கறுப்பினக் குடும்பங்களை அள்ளிக்கொண்டு போனபோது, சபைகள் அசைவதற்குக் கனகாலம் எடுத்தது, ஏனெண்டால் அசைய வேண்டுமெண்டால் கதைக்க வேண்டும். 1991 இல் அனிற்றா ஹில் என்ற சட்டப் பேராசிரியை, உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டிருந்த கிளாரன்ஸ் தோமஸ் தனக்குத் தொல்லை தந்தார் என்று செனற்றின் முன் சொன்னபோது, தோமஸ் அந்த விசாரணையையே ஒரு கும்பல் கொலைக்கு ஒப்பிட்டார். பிறகு அவர் நீதியரசரானார். கறுப்பின ஆணுக்கு எதிராக வெள்ளைக்காரர் முன்னால் வாய் திறந்தாள் என்று அவளைத்தான் தன் சொந்தச் சனத்தில் பலர் ஏசினார்கள்.

தன் கூட்டத்தையும் டக்ளஸ் தப்ப விடவில்லை. கறுப்பினப் பெண்களின் இறையியலுக்கு ‘வுமனிஸ்ற்’ என்று பெயர். அந்தச் சொல்லை அலிஸ் வோக்கர் 1983 இல் விளக்கியபோது, பெண்களை நேசிக்கிற பெண்களையும் வெளிப்படையாகவே அதற்குள் சேர்த்திருந்தார். இறையியலாளர்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், அந்தப் பகுதியை மெல்ல விட்டுவிட்டார்கள். ரெனே ஹில் என்ற இறையியலாளர் 1993 இல் இதை முகத்துக்கு நேரே கேட்டார். டக்ளஸின் புத்தகம் அந்தக் கேள்விக்கும் ஒரு பதில் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

தற்பாலீர்ப்பு வெள்ளைக்காரரின் பழக்கம், ஆபிரிக்காவில் அது இல்லை என்று கறுப்பினச் சபைகளில் சொல்லுவார்களாம். இந்த இடத்தில் ஹொஸ்டல் கட்டிலில் இருந்துகொண்டு நான் சத்தமாகச் சிரித்தேன், பக்கத்துக் கட்டில்காரி என்ன எண்டு கேட்டாள். எங்கட ஊரில் இதையே எத்தனை தரம் கேட்டிருப்போம்! ஆனால் 1883 இல் வந்த இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை எழுதி வைத்தவர்கள் பிரித்தானியர். 1995 இல் நாங்கள் செய்த திருத்தம் அதைப் பெண்களுக்கும் பொருந்தும்படி விரிவாக்கியது. வெளியிலிருந்து வந்தது எது எண்டு கேட்டால், வந்த திகதி தெரிந்தது அந்தச் சட்டம்தான்.

அமெரிக்கக் கறுப்பர்களின் கதையை எங்கட கதையாக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு நூல் மட்டும் உண்மையாகவே இரண்டு பக்கத்தையும் தொடுகிறது. 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் நியூ இங்கிலாந்தின் அதே சுவிசேஷ எழுப்புதலிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பள்ளிக்கூடம் கட்டியபோது, அவர்களின் நாட்டில் ஏலத்தில் மனிசரை விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கட அம்மம்மா படித்த வேதமும், இருந்த விதமும், ‘அடக்க ஒடுக்கம்’ என்று அவ சொல்கிற நேரத்தில் குரலில் வருகிற அந்தப் பெருமையும் ஒரு பகுதி ஊரிலிருந்து வந்தது, ஒரு பகுதி அந்தக் கப்பலில் வந்தது. எது எவ்வளவு எண்டு பிரிக்கிறது கஷ்டம்.

டக்ளஸை வாசிக்கும்போது நான் எந்த வாங்கில் இருக்கிறேன் என்றும் கேட்க வேண்டும். 1929 இல் அரச நன்கொடை பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதற்காகப் பள்ளிக்கூடங்களை எரித்தவர்கள் இருந்தார்கள். ‘அவங்கட பெட்டையள் அப்படித்தான்’ என்று ஒரு சாதியைப் பற்றிச் சொல்கிற வாய் இன்றைக்கும் இருக்கு, அது சேர்ச்சுக்கும் போகிற வாய். யேசபேல் கதையைக் கட்டுகிற வேலை வெள்ளைக்காரனுக்கு மட்டும் தெரிந்த வேலை இல்லை.

எங்கட சபையில் பாடகர் குழுவில் ஒரு அக்கா இருந்தா. அல்ற்றோ குரல், கிறிஸ்மஸ் கீதங்களுக்கு அவ இல்லாட்டில் ஒன்றும் நடக்காது. வேலைக்குக் கொழும்புக்குப் போய், அங்க ஒரு சிநேகிதியோட ஒரே வீட்டில் இருக்கிறா எண்டு கதை வந்தது. ஆரும் அவவை வெளியில போ எண்டு சொல்லவில்லை. ஒரு வசனமும் ஆரும் பிரசங்கத்தில் எடுத்து அடிக்கவில்லை. லீவில் வந்து நின்றபோது அந்த முறை பாட ஆள் போதும் எண்டு சொன்னார்கள், பிறகு ஜெபக் குறிப்பில் வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் என்ற வரியில் பெயர் இல்லாமல் போனது. அவவின் அம்மா மட்டும் இப்பவும் மூன்றாம் வாங்கில் வந்து இருக்கிறா. அம்மாவிடம் நான் ஒருநாள் கேட்டேன். “உதைப் பற்றி ஏன் பிள்ளை கதைக்கிறாய், எங்களுக்கு இருக்கிற பிரச்சினை காணாதே?” என்றா அம்மா. உண்மைதான், எங்களுக்குப் பிரச்சினை நிறைய இருக்கு. காணி இருக்கு, காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இருக்கு. ‘இப்ப இது தேவையோ’ என்று கேட்கிற சமூகம் அடிபட்ட சமூகம் என்று டக்ளஸ் எனக்குச் சொல்லித் தந்தார். அந்தக் கேள்விக்குப் பின்னால் அக்காமார் ஒருவர் ஒருவராக இல்லாமல் போவதையும் அவர்தான் காட்டினார்.

எல்லாம் ஒத்துக்கொண்டேன் எண்டும் இல்லை. ஆபிரிக்கச் சமய மரபில் புனிதம், உலகம் என்ற பிரிப்பே இல்லை, உடம்பு அங்கே கொண்டாடப்பட்டது என்று அவர் எழுதும் பகுதி எனக்குக் கொஞ்சம் சீராக இருந்தது. ஆபிரிக்கா ஒரு பெரிய கண்டம். அங்கே பெண்ணின் உடம்பைக் கட்டுப்படுத்திய வழக்கங்களும் இருந்தன. இழந்த வீட்டை எல்லாரும் வெள்ளையடித்துத்தான் நினைப்பார்கள், சங்ககாலத்தை நாங்கள் நினைப்பது மாதிரி. ஃபூக்கோவை அவர் பாவிக்கும் இடம் பலமானது, பாலியலைப் பற்றிப் பேசுவதே அதிகாரத்தின் ஒரு கருவி என்பதை இனவாதத்துக்குக் கொண்டுவந்து பொருத்துகிறார். ஆனால் அந்த அதிகாரம் பெண்ணுக்கும் ஆணுக்கும், பணக்காரருக்கும் ஏழைக்கும் வெவ்வேறாக வேலை செய்யும் விதம் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம். 2012 இல் வந்த புத்தகத்தில் புளூஸ் பாடகிகளான மா ரெய்னி, பெசி ஸ்மித் ஆகியோரை எடுத்துக்கொண்டு இந்தக் குறையைக் கொஞ்சம் நிரப்புகிறார். சபை ‘பிசாசின் பாட்டு’ என்று தள்ளின பாட்டுகளில்தான் ஏழைக் கறுப்பினப் பெண்கள் தங்கட ஆசையைத் தங்கட வாயால் சொன்னார்கள்.

அவருடைய இறையியல் கடைசியில் வந்து நிற்கிற இடம் மிகவும் பழைய இடம். கடவுள் மாம்சமானார் என்பதை நாங்கள் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சொல்கிறோம். அப்படியெண்டால் கடவுளுக்குப் பசித்தது, வியர்த்தது, தொட்டது, தொடப்பட்டது. உடம்பை அசிங்கம் என்று சொல்கிற கிறிஸ்தவம் தன்னுடைய நடுநாயகமான விசுவாசத்தையே மறுக்கிறது. இதைச் சொல்ல அவருக்கு ஒரு புது வேதமும் தேவைப்படவில்லை.

2012 பெப்ரவரியில் புளோரிடாவில் ரேவன் மார்ட்டின் என்ற 17 வயதுப் பெடியன் சுடப்பட்டுச் செத்தான், அடுத்த வருசம் சுட்டவன் விடுதலையானான். 2015 இல் டக்ளஸ் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பு உடம்பு ஆபத்தானது என்ற நினைப்பு, அது காமம் பிடித்தது என்ற பழைய கதையின் அடுத்த அத்தியாயம் என்று அதில் காட்டுகிறார். அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான். கறுப்பர்கள் இப்படியே செத்துக்கொண்டிருக்கும்போது கடவுளுக்கு அக்கறை இருக்கு எண்டு எப்படித் தெரியும் என்று அவன் கேட்ட கேள்வியில் இருந்துதான் 2021 இல் வந்த அவருடைய அடுத்த நூல் நகர்கிறது. அதை இன்னும் முழுசாக வாசித்து முடிக்கவில்லை.

எய்ட்ஸும் மௌனமும் பற்றிய பகுதியை எனக்குத் தெரிந்த தமிழில் ஏழு பக்கத்துக்குச் சுருக்கி எழுதி, அந்தப் பாடகர் குழு அக்காவுக்கு அனுப்பினேன். “வாசிக்கிறன்” எண்டு மட்டும் பதில் வந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு ஒரு குரல் செய்தி. பஸ் சத்தத்துக்கு நடுவில, “இந்த மனுசி எந்தச் சேர்ச்சில பிரசங்கம் பண்ணுறவ?” எண்டு கேட்டிருந்தா. வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில இறையியலாளரா இருந்தவ எண்டு எழுதினேன். அங்க பாடகர் குழு எப்படி எண்டு கேட்டா. யூடியூப் இணைப்பொன்றைத் தேடி அனுப்பினேன்.